பிளானிங் சாஃப்ட்வேர் போட்ட பிறகும் சரக்கு இடிக்கிறதா? மலைத் தொழிற்சாலைகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

குன்னூர், கோத்தகிரி பக்கம் ஜாம், ஊறுகாய், வர்க்கி, சாக்லேட் செய்யும் நடுத்தரத் தொழிற்சாலைகளுக்கும் சப்ளை செயின் பிளானிங் சாஃப்ட்வேர் வந்துவிட்டது. எவ்வளவு விற்கும், அதற்கு எவ்வளவு காய்ச்ச வேண்டும், எத்தனை பாட்டில், எத்தனை மூட்டை சர்க்கரை, எந்தத் தேதிக்குள் ஆர்டர் போட வேண்டும் என்பதையெல்லாம் அது கணக்குப் போட்டுச் சொல்லும். போட்ட முதல் சில மாதங்களில் எழும் புகார் ஒன்றுதான்: "சிஸ்டம் சொல்றது சரியா வரலைங்க."

உடனே எல்லோரும் கை வைப்பது ஃபோர்காஸ்ட் ஃபார்முலாவில். நான் பார்த்தவரை பிழை அங்கே இருப்பது அரிது. நம் தொழிற்சாலை மலை மேல் இருக்கிறது என்பதை அந்த சாஃப்ட்வேருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சமவெளித் தொழிற்சாலைக்கு எழுதிய டெம்ப்ளேட்டை அப்படியே ஏற்றியிருப்பார்கள். அதனால் அறிகுறியைப் பார்த்து, அது எந்தத் தகவலில் போய் நிற்கிறது என்று தேடுவதுதான் நேர்வழி.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

ஒரு பொருள், ஒரு வாரம். 500 கிராம் பிளம்ஸ் ஜாம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாளில் நான்கு எண்களை எழுதுங்கள்: திங்கள் காலை கையிருப்பு, அந்த வாரம் காய்ச்சி வரப்போவது, அந்த வாரம் வெளியே போக வேண்டியது, சனிக்கிழமை இரவு மிச்சம். குடோனுக்குப் போய் எண்ணி எழுத வேண்டும், திரையைப் பார்த்து எழுதக் கூடாது. பிறகு அதே நான்கு எண்களுக்கு சிஸ்டம் என்ன வைத்திருக்கிறது என்று பாருங்கள்.

நான்கில் எது இடிக்கிறதோ அதுதான் உங்கள் அறிகுறி. மொத்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு மீட்டிங்கில் இரண்டு மணி நேரம் பேசினாலும் கிடைக்காத விடை இந்த ஒரு தாளில் கிடைத்துவிடும்.

அறிகுறி: அளவு 12 மடங்கு, 24 மடங்கு கூடியோ குறைந்தோ வருகிறது

இது அலகுச் சிக்கல். விற்பனைப் பிரிவு பெட்டிக் கணக்கில் பேசும், உற்பத்தி கிலோவில் பேசும், பர்சேஸ் மூட்டையிலும் கிரேட்டிலும் பேசும். பெட்டிக்கு 24 பாட்டில் என்று இருந்ததை 12 ஆக மாற்றியிருப்பீர்கள், மாஸ்டர் டேட்டாவில், அதாவது பொருள்களின் அடிப்படை விவரப் பதிவில், பழையதே கிடக்கும். அலகு மாற்றும் அட்டவணையைத் திறந்து ஒவ்வொரு பொருளுக்கும் சரிபாருங்கள். புதிதாகச் சேர்த்த பேக்கிங் அளவுகளை முதலில் பாருங்கள். ஒரு மதிய வேலை, அவ்வளவுதான்.

அறிகுறி: சீசன் கணிப்பு ஒவ்வொரு வருடமும் தப்பாகிறது

நம் ஊரில் ஏப்ரல், மே என்றால் மலர்க் கண்காட்சி, சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, பள்ளி விடுமுறை. அப்புறம் ஆயுத பூஜை, தீபாவளியை ஒட்டி இன்னொரு ஏற்றம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிஸ்டத்துக்கு மட்டும் தெரிவதில்லை, ஏனென்றால் நாம் கொடுத்த பழைய கணக்கிலேயே கோளாறு இருக்கிறது. பார்க்க வேண்டிய இடங்கள் பல.

முதலாவது, சரக்கு தீர்ந்துபோன நாட்கள். போன மே மாதம் பாட்டில் வராமல் பத்து நாள் ஜாம் இல்லை என்றால், அந்த நாட்களின் விற்பனை பூஜ்யம் என்று பதிவாகியிருக்கும். "மே நடுவில் யாரும் ஜாம் வாங்குவதில்லை" என்று சிஸ்டம் கற்றுக்கொள்ளும். இந்த வருடமும் குறைவாகக் காய்ச்சச் சொல்லும், மறுபடியும் தீரும், மறுபடியும் பூஜ்யம். வருடத்துக்கு வருடம் இறுகிக்கொண்டே போகும் சுழல் இது. இருப்பு இல்லாத நாட்களுக்கு அடையாளம் போட்டு, அந்த இடத்தில் முன்பின் வாரங்களை வைத்து ஒரு மதிப்பீட்டை நிரப்புங்கள். பெரும்பாலான பிளானிங் சாஃப்ட்வேர்களில் பழைய கணக்கைத் திருத்த வசதி உண்டு. பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு.

இரண்டாவது, ஊரடங்கு வருடங்கள். 2020, 2021 இரண்டிலும் கோடை சீசன் நடக்கவே இல்லை. அந்த மாதங்களைக் கணக்கிலிருந்து விலக்கிவிடுங்கள்.

மூன்றாவது, இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்கள் வர இ-பாஸ், அதாவது ஆன்லைன் அனுமதிச் சீட்டு, வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வாகன எண்ணிக்கைக்கே வரம்பு போட்டார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. சுற்றுலாப் பயணியை நம்பி இருக்கும் கடை விற்பனைக்கு இது பெரிய மாற்றம். சனி, ஞாயிறு உச்சத்துக்கு மேலே ஒரு கூரை வந்துவிடுகிறது. 2018, 2019 சீசனையும் 2025 சீசனையும் ஒரே வரிசையில் போட்டுச் சராசரி எடுத்தால் இரண்டுக்கும் பொருந்தாத ஒரு எண்தான் வரும். ஊட்டி, குன்னூர் கடைகளுக்குப் போகும் சரக்கையும் கோவை, திருப்பூர் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சரக்கையும் தனித்தனி வரிசையாகப் பிரித்து, முதல் வரிசையில் மட்டும் இந்த மாற்றத்தைக் குறியுங்கள். கோவைக்காரர் ஜாம் வாங்க இ-பாஸ் தேவையில்லை.

நான்காவது, நகரும் பண்டிகை. தீபாவளி 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. மாதக் கணக்கில் பார்க்கும் சிஸ்டத்துக்குக் கடைசி இரண்டு வருடமும் அக்டோபர்தான் உச்சம். 2026-ல் தீபாவளி நவம்பர் 8. பழையபடி செப்டம்பர் கடைசியிலேயே குடோனை நிரப்பச் சொல்லும். கணிப்பை வாரக் கணக்குக்கு மாற்றி, "தீபாவளிக்கு மூன்று வாரம் முன்", "இரண்டு வாரம் முன்" என்று பண்டிகையோடு கட்டிவிடுங்கள். தேதியோடு கட்டாதீர்கள்.

இவ்வளவும் சரிசெய்த பிறகும் தப்பினால், தப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். பத்து வாரக் கணிப்பையும் பத்து வார விற்பனையையும் தனித்தனியாகக் கூட்டி ஒப்பிடுங்கள். ஒரு வாரம் கூட, ஒரு வாரம் குறைய என்று போய், கூட்டுத்தொகை கிட்டத்தட்ட ஒத்துப்போனால் கவலை வேண்டாம், சேஃப்டி ஸ்டாக், அதாவது அவசரத்துக்கு வைத்திருக்கும் கூடுதல் இருப்பு, அதைத் தாங்கும். எப்போதும் கணிப்பே மேலே நிற்கிறது என்றால், விற்பனைப் பிரிவு டார்கெட்டை ஃபோர்காஸ்ட் என்ற இடத்தில் தட்டியிருக்கிறது. டார்கெட்டுக்கு வேறு கட்டம் ஒதுக்குங்கள். இரண்டும் ஒரே கட்டத்தில் இருக்கும்வரை குடோனில் சரக்கு தேங்கிக்கொண்டேதான் இருக்கும்.

அறிகுறி: பிளான் சொன்ன அளவு பாட்டில் வருவதில்லை

200 பாட்டிலுக்கான சாமான்களை ஸ்டோர்ஸிலிருந்து எடுத்தோம், 178 தான் நிரம்பியது. இன்னொரு நாள் 180. சூப்பர்வைசர் மேல் சந்தேகம், ஸ்டோர்ஸ் மேல் சந்தேகம். யாரையும் கேட்பதற்கு முன் ரெசிபியைத் திறந்து, கொப்பரையை இறக்கும் பதம் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

"105 டிகிரி வந்ததும் இறக்கவும்" என்று இருந்தால் பிழை அங்கேதான். அது சமவெளிக் கணக்கு. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் 105-ல் வரும் ஜாம் பதம் இங்கே 99 டிகிரி வாக்கிலேயே வந்துவிடும். 105 வரை காத்திருந்தால் அதற்குள் நிறையத் தண்ணீர் வற்றிப்போயிருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கொப்பரையில் சர்க்கரையும் பழத்தின் கரைதிடமும் (பழச்சாற்றில் கரைந்திருக்கும் திடப்பொருள்) சேர்ந்து 68 கிலோ இருக்கிறது. கரைதிடச் சதவீதத்தை அளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரில் 68 காட்டும்போது இறக்கினால் 100 கிலோ ஜாம், அதாவது 200 பாட்டில். 76 வரை விட்டுவிட்டால் 89 கிலோவும் சொச்சமும்தான், 178 பாட்டில். திருட்டும் இல்லை, சிந்தலும் இல்லை, 22 பாட்டில் ஆவியாகப் போய்விட்டது. ஜாமும் கரண்டியில் இழுபடும் அளவுக்குக் கெட்டியாகிவிடும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரப்படி ஜாமில் கரைதிடம் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஆகவே 67, 68-ல் இறக்குவது பாதுகாப்பான இடம். ரெசிபியில் வெப்பநிலையை எடுத்துவிட்டு ரிஃப்ராக்டோமீட்டர் அளவை எழுதுங்கள். ஊட்டியிலும் ஒரு யூனிட் இருந்தால் அங்கே கொதிநிலை இன்னும் குறைவு, வெப்பநிலையை நம்பவே முடியாது.

அடுத்தது பழக்கூழ் தேறும் அளவு. பிளம்ஸில் கொட்டை, தோல் போக எவ்வளவு தேறும் என்பது லாட்டுக்கு லாட் மாறும். முதல் பறிப்பும் கடைசிப் பறிப்பும் ஒன்றல்ல, மழையில் நனைந்து வந்த பழம் வேறு. வருடம் முழுக்க ஒரே சதவீதத்தை எழுதி வைக்காமல், கூழ் எடுக்கும் இடத்தில் எடை போட்டு, மாதவாரியாகப் பதியுங்கள். பழம் குறைந்தால் சர்க்கரையைக் கூட்டிச் சரிக்கட்டுவதற்கும் சிஸ்டத்தில் வழி வைக்கக் கூடாது. ஜாமில் பழம் குறைந்தது 45 சதவீதம் இருக்க வேண்டும், ஸ்ட்ராபெரிக்கும் ராஸ்பெரிக்கும் மட்டும் 25 சதவீதம். இந்த வரம்பை ரெசிபியிலேயே பூட்டி வையுங்கள்.

அறிகுறி: லோடு வந்துவிட்டதாகத் திட்டம் ஓடுகிறது, லாரி இன்னும் மேட்டுப்பாளையத்தில் நிற்கிறது

ஒரு மழை நாளில் டிஸ்பாட்ச் பார்க்கும் பெரியவர் என்னிடம் சொன்னது: "தம்பி, சிஸ்டத்துல வியாழக்கிழமை பாட்டில் லோடுன்னு இருக்கு. பர்லியாறு கிட்ட மரம் விழுந்து கிடக்கு. இத எங்க போய் அதுக்குச் சொல்றது?"

நியாயமான கேள்வி. லீட் டைம் (ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வந்து சேரும் காலம்) என்ற கட்டத்தில் "2 நாள்" என்று ஒரே ஒரு எண் இருந்தால், சொல்ல இடமே இல்லைதான். மூன்று மாற்றங்கள் செய்யுங்கள்.

மேட்டுப்பாளையத்தைத் தனி இருப்பிடமாகச் சேர்ப்பது முதல் வேலை. பெரிய கன்டெய்னர் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பாது. கீழே இறக்கிச் சின்ன வண்டியில் மாற்றித்தான் மேலே கொண்டுவர வேண்டும். அப்படியிருக்க சப்ளையரிடமிருந்து நேராக குன்னூர் என்று காட்டினால், கீழே கிடக்கும் சரக்கு எந்தக் கணக்கிலும் வராது. சப்ளையர் – மேட்டுப்பாளையம் ஒரு கட்டம், மேட்டுப்பாளையம் – குன்னூர் இன்னொரு கட்டம் என்று பிரியுங்கள். பழனி மலைப் பக்கம் இருப்பவர்களுக்கு வத்தலக்குண்டு இதே வேலையைச் செய்யும்.

அடுத்தது, மலைப்பாதைக் கட்டத்துக்கு மாதவாரி லீட் டைம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மண்சரிவுக் காலம். ஏப்ரல், மேயில் மேலே வர ஒரு வழி, இறங்க ஒரு வழி என்று போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள், சரக்கு வண்டிகளுக்குப் பகலில் கட்டுப்பாடு வரும். பிப்ரவரியில் சரியாக இருக்கும் எண் நவம்பரில் சரியாக இருக்காது.

மூன்றாவதுதான் கனமானது: சேஃப்டி ஸ்டாக் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள். பல இடங்களில் தேவையின் ஏற்ற இறக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி விட்டிருப்பார்கள். எடுத்துக்காட்டாக, தினம் 40 மூட்டை சர்க்கரை, அதில் ஏற்ற இறக்கம் 8 மூட்டை, லீட் டைம் 2 நாள். 95 சதவீதப் பாதுகாப்புக்கு 1.65 என்ற பெருக்கியை வைத்தால் சேஃப்டி ஸ்டாக் 19 மூட்டை என்று வரும். லாரி வருவதிலும் 2 நாள் ஏற்ற இறக்கம் உண்டு என்று சேர்த்துக் கணக்கிடுங்கள், 133 மூட்டை வரும். அதே சர்க்கரை, அதே சப்ளையர், ஏழு மடங்கு வித்தியாசம். மலைப்பாதையில் தேவையை விட லாரிதான் அதிகம் ஆடுகிறது என்பது இந்த இரண்டு எண்களில் தெரிந்துவிடும். எல்லாப் பொருளுக்கும் இப்படிக் குவிக்கக் குடோனும் பணமும் தாங்காது. எது இல்லாவிட்டால் லைன் நின்றுவிடுமோ அதற்கு மட்டும் போதும்: பாட்டில், மூடி, சர்க்கரை, ஜாமை உறைய வைக்கும் பெக்டின். லேபிளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லேபிள் இல்லாமல் நின்ற லைன்கள் நிறைய.

அறிகுறி: திரையில் இருப்பு இருக்கிறது, குடோனில் இல்லை

அல்லது அதற்கு நேர் எதிர், மைனஸ் இருப்பு. பதிவு செய்யும் நேரம்தான் முதல் சந்தேகம். இரவு ஷிஃப்டில் வந்த லோடுக்குக் காலை பத்து மணிக்குத்தான் ஜிஆர்என் (சரக்கு வரவுச் சீட்டு) போடுவார்கள். பிளான் ஓடுவதோ அதிகாலை நான்கு மணிக்கு. வந்த சரக்கு வரவில்லை என்று நினைத்து அது இன்னொரு ஆர்டர் போட்டுவிடும். ஒன்று, இரவே பதிய ஆள் வையுங்கள். இல்லையென்றால் பிளான் ஓடும் நேரத்தைத் தள்ளி வையுங்கள். இரண்டாவது செலவில்லாதது.

மழையில் நெட்வொர்க் போகும் நாட்களுக்குத் துண்டுச் சீட்டு முறை வேண்டும். பொருள், பேட்ச், அளவு, நேரம் ஆகிய நான்கும் எழுதிய சீட்டு. இணைப்பு வந்ததும் அந்த நேர வரிசையிலேயே ஏற்ற வேண்டும். வெளியே போனதை முதலில் ஏற்றி, வந்ததைப் பிறகு ஏற்றினால் மைனஸ் காட்டும், அதைப் பார்த்து யாராவது ஒரு திருத்தம் போடுவார்கள், அந்தத் திருத்தம் மறுநாள் இன்னொரு பிழையாக நிற்கும்.

அறிகுறி: திட்டம் தினமும் மாறுகிறது

நேற்று பூண்டு ஊறுகாய், இன்று பிளம்ஸ் ஜாம், நாளை மறுபடி பூண்டு. ஷிஃப்ட் ஆட்களுக்கு வெறுத்துப்போகும், கொப்பரை கழுவியே பாதி நாள் போகும். உறைகாலம் வைக்காததுதான் காரணம். அடுத்த ஏழு நாள் திட்டத்தை சிஸ்டம் தானாக மாற்றக் கூடாது என்று பூட்டுங்கள், மாற்ற வேண்டுமானால் பிளானர் கையால் மாற்றட்டும். அதற்கடுத்த இரண்டு வாரத்தில் சின்ன வித்தியாசத்துக்கெல்லாம் ஆர்டரை மாற்றாதபடி ஒரு குறைந்தபட்ச அளவு வையுங்கள்.

அறிகுறி: இருப்பு போதுமானது என்கிறது, பார்ட்டி சரக்கைத் திருப்பி அனுப்புகிறார்

தேதிப் பிரச்சினை. 400 பெட்டி இருக்கிறது என்று சிஸ்டம் சொல்வது எண்ணிக்கையில் உண்மை. அதில் எத்தனை பெட்டிக்குப் போதிய ஆயுள் மிச்சம் இருக்கிறது என்பது வேறு கணக்கு. ஆன்லைன் வணிக நிறுவனங்களுக்கு, வாடிக்கையாளர் கைக்குப் போகும்போது 30 சதவீத ஆயுளோ காலாவதிக்கு 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவுறுத்தியது. நம் குடோனிலிருந்து அவர்கள் குடோனுக்கு, அங்கிருந்து வீட்டுக்கு என்று கழியும் நாட்களையும் சேர்த்தால், நாம் அனுப்பும் நாளில் இன்னும் அதிக ஆயுள் வேண்டும்.

பொருள் மாஸ்டரில் மொத்த ஆயுள் பதிந்திருக்கிறதா, பார்ட்டி மாஸ்டரில் அவர் கேட்கும் குறைந்தபட்ச மிச்ச ஆயுள் பதிந்திருக்கிறதா, இரண்டையும் பாருங்கள். முதலில் காலாவதியாவது முதலில் வெளியே என்ற விதி இயங்குகிறதா என்றும் பாருங்கள். வர்க்கிக்கு இது உயிர்நாடி. சாரலும் பனிமூட்டமுமான மாதங்களில் பேக்கிங் கொஞ்சம் தளர்ந்தாலும் வர்க்கி நமத்துவிடும், சிஸ்டத்தில் இன்னும் பத்து நாள் ஆயுள் காட்டும். மழை மாதங்களுக்கு வர்க்கியின் உற்பத்தித் தொகுதியைச் சிறிதாக்கி, அடிக்கடி போடும்படி மாற்றுவது என் அனுபவத்தில் நன்றாக வேலை செய்கிறது.

அறிகுறி: எல்லோரும் மறுபடி எக்செலுக்குப் போய்விட்டார்கள்

நிர்வாகம் இதை ஒழுங்கீனமாகப் பார்த்து எக்செலைத் தடை செய்யும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த எக்செலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு தலைப்பாகப் படியுங்கள். பிளானர் வைத்திருக்கும் கோப்பில் "மழை", "பூண்டு மண்டி விலை", "டிரைவர் லீவ்", "ஆறு நாள் முன்னாடியே சொல்லணும்" என்றெல்லாம் தலைப்புகள் இருக்கும். சிஸ்டத்தில் இடம் இல்லாத தகவல்கள்தான் அங்கே போய் உட்கார்ந்திருக்கின்றன. இருபது வருடம் இதே குடோனில் நின்றவரின் அறிவு அந்தத் தலைப்புகளில் இருக்கிறது, அதை அழித்துவிட்டுப் புதிய சாஃப்ட்வேரைக் கட்டுவது பெரிய இழப்பு. எது அடிக்கடி பயன்படுகிறதோ அதற்கு சிஸ்டத்தில் ஒரு கட்டம் கேளுங்கள். "ஆறு நாள்" லீட் டைமில் போகும், "மழை" மாதவாரி அட்டவணையில் போகும், "டிரைவர் லீவ்" நாட்காட்டியில் போகும்.

பிளானர் சிஸ்டம் சொன்ன எண்ணை மாற்றும்போது காரணம் எழுதியே ஆக வேண்டும் என்று வையுங்கள். நீளமாக வேண்டாம். சாலை, சுற்றுலா, பழ வரத்து, இயந்திரம், பார்ட்டி கேட்டார், மற்றவை என்று ஆறு காரணம் போதும். மாதக் கடைசியில் எண்ணிப் பாருங்கள். "சாலை" அதிகம் என்றால் லீட் டைம் அட்டவணைக்குப் போங்கள், "சுற்றுலா" அதிகம் என்றால் சீசன் கணக்குக்கு. "மற்றவை"யே பாதிக்கு மேல் இருந்தால் பிளானருடன் உட்கார்ந்து பேசுங்கள், ஏழாவது காரணம் ஒன்று அங்கே இருக்கிறது.

இன்னும் தொடங்காதவர்களுக்கு: ஏப்ரலிலோ அக்டோபரிலோ சிஸ்டத்தை இயக்கத்துக்குக் கொண்டுவர ஒப்புக்கொள்ளாதீர்கள். கோடை சீசன் முடிந்து தீபாவளி வேலை தொடங்குவதற்கு முன், ஜூலை நல்ல காலம். அதிலும் ஜாம் மட்டும், வர்க்கி மட்டும் என்று ஒரே வகைப் பொருளோடு தொடங்குங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு சாஃப்ட்வேர் நிறுவனத்துக்கு டிக்கெட் (புகார்ப் பதிவு) போட வேண்டியிருந்தால்

"ஃபோர்காஸ்ட் தப்பு" என்று எழுதினால் "டேட்டாவைச் சரிபார்க்கவும்" என்று பதில் வரும். பொருள் குறியீடு, வாரம், பிளான் ஓடிய தேதியும் நேரமும், சிஸ்டம் காட்டிய எண், முதலில் தாளில் போட்டீர்களே அந்த நான்கு எண்கள், அந்த வாரத்தில் கையால் செய்த மாற்றங்களின் பட்டியல் ஆகியவற்றை இணையுங்கள். சமவெளியில் இருக்கும் சப்போர்ட் ஆளுக்கு உங்கள் இருப்பிட வரைபடத்தையும், அதாவது சப்ளையர், மேட்டுப்பாளையம், குன்னூர், கடைகள் எப்படி இணைகின்றன என்பதையும், ஒரு பக்கத்தில் வரைந்து அனுப்புங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் அதைப் பற்றித்தான் இருக்கும்.